யூஸ்டனின் நிறத்தடையை உடைத்த ரயில் கார்டு: அஸ்குவித் சேவியர்

1966 ஜூலை 15 அன்று பிரிட்டிஷ் ரயில்வே ஓர் அறிவிப்பை வெளியிட்டது. லண்டன் யூஸ்டன் நிலையத்தில் கறுப்பினத் தொழிலாளர்களைச் சில பணிகளில் சேர்ப்பதில்லை என்றிருந்த வழக்கம் இனித் தொடராது என்பதே அதன் சாரம். அந்த அறிவிப்பை வெளியிடவேண்டிய நிலைக்கு ரயில்வேயைத் தள்ளியவர் அஸ்குவித் சேவியர். கரீபியக் கடலில் உள்ள டொமினிக்கா தீவிலிருந்து வந்து குடியேறிய ரயில் கார்டு அவர். மூன்று நாள் கழித்து 46 வயதை எட்டவிருந்தார்.

பிரிட்டனின் இன உறவுகள் பற்றிய வரலாறுகளில் இந்த நிகழ்வு வழக்கமாக ஓரிரு பத்திகளில் முடிந்துவிடும். துணிச்சலான ஒரு மனிதர், அநீதியான ஒரு தடை, பணிந்துபோன ஒரு நிர்வாகம் என்ற மூன்று சொற்றொடர்களில் அது அடங்கிவிடும். ஆனால், அந்தத் தடையை யார் விதித்தார்கள், எதன் துணையோடு அது நின்றது, யார் கைகொடுத்ததால் உடைந்தது என்று கேட்கத் தொடங்கினால் கதை அவ்வளவு எளிதாக இல்லை. நாடாளுமன்றம் அந்தத் தடையை இயற்றவில்லை. எந்த அரசாணையிலும் அது இல்லை. நிலைய நிர்வாகமும், தொழிலாளர்கள் தாமே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளும் சேர்ந்து காத்துவந்த தடை அது. அதை உடைக்கத் துணைநின்றதும் அதே சங்கத்தின் இன்னொரு கிளைதான். தொழிற்சங்கத்தில் செயல்படும் ஒவ்வொரு தலித் தோழரும் சேவியரின் வாழ்க்கையை அறிந்திருக்கவேண்டும் என்று நான் கருதுவதற்கு இந்த முரணே காரணம்.

டொமினிக்காவிலிருந்து பாடிங்டனுக்கு

சேவியர் 1920 ஜூலை 18 அன்று டொமினிக்காவில் பிறந்தார். அப்போது அது பிரிட்டிஷ் குடியேற்ற நாடு. அடிமை முறை ஒழிக்கப்பட்டு ஒரு நூற்றாண்டு நெருங்கிக்கொண்டிருந்தபோதும், அடிமைகளின் வழிவந்தவர்களுக்குத் தோட்டப் பயிர்களை விட்டால் வேறு பெரிய வாழ்வாதாரம் அங்கே உருவாகியிருக்கவில்லை. அத்தீவு விடுதலை பெற்றது 1978இல்தான். எனவே, சேவியர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பேரரசின் குடிமகனாகவே கழித்தார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டனுக்குத் தொழிலாளர்கள் தேவைப்பட்டார்கள். ரயில்வே, பேருந்து, மருத்துவமனை, ஆலை என எங்கும் ஆள் பற்றாக்குறை. 1948 ஜனவரி 1 அன்று ரயில்வே நாட்டுடைமையாக்கப்பட்டது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம், குடியேற்ற நாடுகளின் மக்களுக்கு பிரிட்டனில் வந்து வாழவும் வேலை செய்யவும் உரிமையை உறுதிசெய்தது. லண்டன் போக்குவரத்து நிர்வாகம் 1956 முதல் பார்படோஸ் தீவுக்கே அதிகாரிகளை அனுப்பி ஆட்களைத் தேர்ந்தெடுத்தது. ஆக, கரீபியத் தொழிலாளர்கள் அழையாத விருந்தாளிகளாக வந்தவர்கள் அல்லர். உரிமையோடும், பல நேரங்களில் அழைப்போடும் வந்தவர்கள்.

1958 ஏப்ரலில் சேவியர் பிரிட்டன் வந்து சேர்ந்தார். அடுத்த நான்கு மாதங்களில், ஆகஸ்ட் இறுதியில், மேற்கு லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் வெள்ளை இளைஞர் கும்பல்கள் கரீபிய மக்களின் வீடுகளைத் தாக்கின. கலவரம் பல நாட்கள் நீடித்தது. மறு ஆண்டு மே மாதத்தில் அதே பகுதியில் கெல்சோ கோக்ரேன் என்ற ஆன்டிகுவா தீவின் தச்சர் தெருவில் குத்திக் கொல்லப்பட்டார். சேவியர் குடும்பம் வாழ்ந்த பாடிங்டன், நாட்டிங் ஹில்லை ஒட்டிய பகுதிதான். அவர் ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்து குடும்பத்தை நிலைநிறுத்தத் தொடங்கிய ஆண்டுகள் இவை.

போர்ட்டர், கார்டு: பணியும் படிநிலையும்

சேவியர் முதலில் போர்ட்டராகச் சேர்ந்தார். சுமைகளை ஏற்றி இறக்குவது, நடைமேடையைப் பார்த்துக்கொள்வது, பயணிகளுக்கு உதவுவது போர்ட்டரின் வேலை. அங்கிருந்து படிப்படியாக முன்னேறி, மேரிலபோன் நிலையத்தில் கார்டு ஆனார்.

கார்டு வேலையைக் கொடியசைத்து விசில் ஊதும் வேலை என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. ஓட்டுநர் இன்ஜினுக்குப் பொறுப்பு என்றால், அதன் பின்னால் வரும் ரயிலுக்குக் கார்டுதான் பொறுப்பு. பெட்டிகளின் இணைப்பு, பிரேக், பின்விளக்கு ஆகியவற்றை அவர் சரிபார்க்கவேண்டும். ஒவ்வொரு நிலையத்துக்கும் வந்த நேரத்தையும் புறப்பட்ட நேரத்தையும் பதிவுசெய்யவேண்டும். வழியில் ரயில் நின்றுவிட்டால், பின்னால் வரும் ரயில் மோதாமலிருக்க அவரே தண்டவாளத்தில் பின்னோக்கி நடந்து சென்று எச்சரிக்கை வெடிகளைப் பொருத்தவேண்டும். விதிகளை மனப்பாடமாகத் தெரிந்திருக்கவேண்டும். செல்லும் வழித்தடத்தையும் தெரிந்திருக்கவேண்டும். நூற்றுக்கணக்கான உயிர்களை நம்பி ஒப்படைக்கும் பணி அது. சேவியர் அதற்குத் தகுதியானவர் என்று பிரிட்டிஷ் ரயில்வே ஏற்கெனவே முடிவுசெய்திருந்தது. மேரிலபோனில் அந்தப் பணியைத்தான் அவர் செய்துகொண்டிருந்தார். யூஸ்டனில் அவருக்கு மறுக்கப்பட்டதும் அதே பணிதான். இங்கே தகுதி பற்றிய கேள்விக்கே இடமில்லை.

1960களின் நடுவில் மேரிலபோன் தேய்ந்துகொண்டிருந்தது. 1963இல் வெளியான பீச்சிங் அறிக்கையின்படி நாடெங்கும் பாதைகளும் நிலையங்களும் மூடப்பட்டன. மேரிலபோனிலிருந்து வடக்கே சென்ற நெடுந்தூரப் பாதை 1966 செப்டம்பரில் மூடப்படவிருந்தது. மாறாக, யூஸ்டன் வளர்ந்துகொண்டிருந்தது. மான்செஸ்டர், லிவர்பூல் நகரங்களுக்கு மின்சார ரயில்கள் அங்கிருந்து அந்த ஆண்டு ஏப்ரலில் முழு அளவில் ஓடத் தொடங்கியிருந்தன. நிலையமே இடிக்கப்பட்டுப் புதிதாக எழும்பிக்கொண்டிருந்தது. இரண்டு நிலையங்களுக்கும் இடையிலான தூரம் இரண்டு மைலுக்கும் குறைவு. வேலை குறையும் நிலையத்திலிருந்து வேலை பெருகும் நிலையத்துக்கு மாற்றல் கேட்பது எந்தத் தொழிலாளியும் செய்யக்கூடியது. யூஸ்டனில் சம்பாத்தியமும் கூடுதல். சேவியர் விண்ணப்பித்தார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

எழுதப்படாத பட்டியல்

யூஸ்டனில் என்ன நடந்துகொண்டிருந்தது? கார்டு, போர்ட்டர், பயணச்சீட்டு வாங்குபவர் போன்ற, பயணிகளோடு தொடர்புள்ள பணிகளில் வெள்ளையர் அல்லாதோரைச் சேர்ப்பதில்லை என்று 1950களிலிருந்தே உள்ளூர் அளவில் ஓர் ஏற்பாடு இருந்தது. துப்புரவுப் பணிக்கும் கூலி வேலைக்கும் அவர்கள் வரலாம். பக்கத்திலிருந்த செயின்ட் பான்கிராஸ் நிலையத்திலும் இத்தகைய ஏற்பாடு இருந்தது.

இந்த ஏற்பாடு எப்படி உயிர்வாழ்ந்தது என்று புரிந்துகொள்ள, ரயில்வேயில் தொழிற்சங்கம் இயங்கிய முறையை அறிந்திருக்கவேண்டும். ஓட்டுநர்களுக்கும் எழுத்தர்களுக்கும் தனித்தனிச் சங்கங்கள் இருந்தன. கார்டு, போர்ட்டர், சிக்னல் பணியாளர், பாதைத் தொழிலாளர் உள்ளிட்ட பெரும்பான்மையோர் 1913இல் உருவான தேசிய ரயில்வே தொழிலாளர் சங்கத்தில் இருந்தார்கள். சங்கத்தின் அடிப்படை அலகு கிளை. கிளைக்கூட்டத்தில் தீர்மானங்கள் பிறக்கும், மாவட்ட அளவுக்கும் தேசியத் தலைமைக்கும் போகும். ஊதியம் தேசிய அளவில் பேசி முடிவுசெய்யப்படும். ஆனால், ஒரு நிலையத்தில் யார் எந்த முறைப்பணி பார்ப்பது, விடுப்பு எப்படிப் பகிரப்படுவது போன்ற அன்றாட விவகாரங்களை, தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த உள்ளூர்க் குழு நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசும். தொழிலாளர் இயக்கம் நீண்ட போராட்டத்தால் வென்றெடுத்த உரிமை இது. மேலாளர் நினைத்தபடி ஆட்டிவைக்க முடியாமல் தொழிலாளியைக் காத்த அரண் அது.

அந்த அரணுக்குள்தான் நிறத்தடை குடியிருந்தது. யூஸ்டன் குழுவின் உறுப்பினர்கள் தேசிய ரயில்வே தொழிலாளர் சங்கத்தினர். சங்கத்தின் தலைமையோ நிறத்தடையை ஏற்பதில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவந்தது. சங்கத்தின் தலைமையகமான யூனிட்டி ஹவுஸ், அதாவது ஒற்றுமை இல்லம், யூஸ்டன் சாலையில்தான் இருந்தது. நடந்து போகும் தூரத்தில் உள்ள நிலையத்தில் ஒற்றுமைக்கு எதிரான ஒரு பட்டியல் ஆண்டுக்கணக்கில் நடைமுறையில் இருந்தது. தலைமையின் கொள்கை ஒன்றாகவும் கிளையின் வழக்கம் இன்னொன்றாகவும் இருக்கும்போது, தொழிலாளியின் வாழ்வைத் தீர்மானிப்பது கிளையின் வழக்கமே.

இது யூஸ்டனுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. 1955இல் வெஸ்ட் பிராம்விச் நகரில், ஓர் இந்தியரை நடத்துநர் பயிற்சிக்குச் சேர்த்ததற்காகப் பேருந்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிரிஸ்டல் நகரில் கறுப்பினத்தவரையும் ஆசியரையும் பேருந்து ஊழியராகச் சேர்க்க மறுத்த நிறுவனத்துக்கு உள்ளூர்த் தொழிற்சங்கக் கிளையின் ஆதரவு இருந்தது. 1963இல் கரீபிய மக்கள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்புப் போராட்டம்தான் அந்தத் தடையை முறித்தது. ஒரே சீரான நிலையும் எங்கும் இல்லை. யூஸ்டன் இருக்கும் அதே சாலையில் உள்ள கிங்ஸ் கிராஸில், வில்ஸ்டன் சாமுவேல் ஜாக்சன் 1962இலேயே பிரிட்டனின் முதல் கறுப்பின ரயில் ஓட்டுநராகியிருந்தார். ஒரு நிலையத்தில் இன்ஜினையே ஓட்டலாம். சில நூறு கெஜம் தள்ளியுள்ள நிலையத்தில் நடைமேடையில் பெட்டி தூக்கக்கூட முடியாது. உள்ளூர் ஏற்பாடு என்பதன் பொருள் இதுதான்.

அச்சம் என்ற நியாயம்

வெள்ளைத் தொழிலாளர்கள் ஏன் இப்படிச் செய்தார்கள் என்பதற்கு அன்று சொல்லப்பட்ட காரணம் வேலை பற்றிய அச்சம். அந்த அச்சத்துக்கு ஓரளவு அடிப்படை இருந்ததை மறுக்கமுடியாது. ரயில்வேயில் அடிப்படை ஊதியம் குறைவு. மிகைநேரப் பணியை நம்பியே பல குடும்பங்கள் வாழ்ந்தன. பாதைகள் மூடப்பட்டு வந்த காலம் வேறு. புதிதாக வருவோர் குறைந்த கூலிக்கு வேலைசெய்து தங்கள் நிலையைக் கெடுத்துவிடுவார்கள் என்ற பேச்சு எங்கும் இருந்தது.

ஆனால், இந்த வாதத்தைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்தால் அது நிற்காது. முதலாவது, ரயில்வே ஊதியம் தேசிய ஒப்பந்தத்தால் முடிவானது. கார்டு பணிக்கு வரும் கறுப்பினத்தவர் வெள்ளையரைவிடக் குறைந்த கூலிக்கு வேலைசெய்ய வழியே இல்லை. இரண்டாவது, சேவியர் வெளியிலிருந்து வந்தவர் அல்லர். அதே ரயில்வேயின் தொழிலாளி, அதே சங்கத்தின் உறுப்பினர். மூன்றாவதும் முக்கியமானதும் இதுவே: வேலை போய்விடும் என்பதுதான் அச்சமென்றால் எல்லா வேலைகளுக்கும் தடை இருந்திருக்கவேண்டும். துப்புரவுக்கும் கூலி வேலைக்கும் தடை இல்லையே! சீருடை அணிந்து, பயணிகளின் முன் நின்று, பொறுப்போடு செய்யும் வேலைகளுக்குத்தான் தடை. எவ்வளவு பேர் வரலாம் என்பதை அந்தப் பட்டியல் கேட்கவில்லை. யார் எந்தப் படியில் நிற்கவேண்டும் என்பதையே அது தீர்மானித்தது. அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று நமக்கு விளக்கிய கருத்தைப் படித்தவர்களுக்கு இந்தப் பட்டியலின் தருக்கம் புதிதாக இருக்காது. கீழ்நிலையில் இருப்பவரும் தமக்கும் கீழே ஒருவர் இருக்கிறார் என்பதில் ஆறுதல் தேடுகிற அமைப்பு அது. முதலாளிக்கு எதிராக உயர வேண்டிய கை, சக தொழிலாளியின் முன்னே கதவைச் சாத்துகிறது.

பயணிக்கு உரிமை, பணியாளருக்கு இல்லை

சேவியர் நிராகரிக்கப்பட்டபோது சட்டம் என்ன செய்துகொண்டிருந்தது? பிரிட்டனின் முதல் இன உறவுகள் சட்டம் 1965 நவம்பரில் நிறைவேறி, டிசம்பரில் நடைமுறைக்கு வந்திருந்தது. விடுதி, உணவகம், மதுக்கூடம், திரையரங்கு, பொதுப் போக்குவரத்து போன்ற இடங்களில் நிறம், இனம், தேசிய மூலம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதை அது தடுத்தது. வேலைவாய்ப்பையும் வீட்டு வசதியையும் அது தொடவில்லை.

இதன் விளைவைச் சேவியரின் நிலையில் வைத்துப் பார்க்கவேண்டும். யூஸ்டனில் அவர் பயணச்சீட்டு வாங்கி ரயிலில் ஏறினால் எவரும் அவரைத் தடுக்கக்கூடாது, தடுத்தால் சட்டமீறல். அதே ரயிலைக் கார்டாக நடத்திச் செல்ல அவர் விரும்பினால், நிறத்தைக் காட்டி மறுக்கலாம்; சட்டம் குறுக்கே வராது. அதுவும் மறுப்பது தனியார் முதலாளி அல்ல, நாட்டுடைமையான ரயில்வே. பொது இடத்தில் சமத்துவத்தை ஏற்ற ஒரு சமூகம், உழைப்பின் இடத்தில் அதை ஏற்கத் தயாராக இல்லை. தேநீர்க் கடையில் ஒரே குவளை தரச் சம்மதிப்பவர்கள், வேலையிலும் நிலத்திலும் பங்கு என்றதும் முகம் மாறுவதை அறிந்தவர்களுக்கு இந்த இடைவெளியை விளக்கத் தேவையில்லை.

நீதிமன்றம் செல்ல வழியில்லாத சேவியருக்கு எஞ்சியிருந்தது சங்கம்தான். அவருடைய நல்வாய்ப்பாக, மேரிலபோன் கிளையின் செயலாளராக ஜிம்மி பிரெண்டர்காஸ்ட் இருந்தார். அயர்லாந்தின் டப்ளினில் பிறந்தவர், பொதுவுடைமையாளர், ஸ்பானிய உள்நாட்டுப் போரில் பாசிசத்துக்கு எதிராகச் சர்வதேசப் படையில் நின்று போரிட்டவர். லண்டனில் வாடகை வீட்டுக் கதவுகளில் ஐரிஷ் மக்களும் மறுப்பைச் சந்தித்துவந்த காலம் அது. சேவியருக்கு வேலை மறுக்கப்பட்டதற்கு அவருடைய நிறமே காரணம் என்பதைப் பிரெண்டர்காஸ்ட் வெளியே கொண்டுவந்தார். உள்வீட்டு விவகாரமாக அதை அமுக்க அவர் சம்மதிக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் தம் சங்கத்தின் சகோதரக் கிளையினர் என்பதற்காக அவர் தயங்கவுமில்லை.

செய்தி பத்திரிகைகளில் வந்தது. போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசில் வரை விவகாரம் சென்றது. நாட்டுடைமை நிறுவனம் ஒன்றில் நிறத்தடை இருக்கிறது என்பது தொழிற்கட்சி அரசுக்குப் பெரும் தர்மசங்கடம். அது உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிக்காகப் பல நாட்டினர் இங்கிலாந்து வந்திருந்த ஜூலை மாதமும்கூட. வாய்மொழி ஏற்பாடாக இருளில் வாழ்ந்த தடைக்கு வெளிச்சத்தில் நிற்கும் வலிமை இல்லை. பகிரங்கமாக அதை ஆதரிக்க எவரும் முன்வரவில்லை. அப்படி ஒரு தடையே இருந்ததில்லை என்று சொல்லவும் நிர்வாகத் தரப்பில் முயற்சி நடந்தது. ஜூலை 15 அன்று தடை முடிவுக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆகஸ்ட் 15 அன்று சேவியர் யூஸ்டனில் பணியில் சேர்ந்தார். வெள்ளையர் அல்லாதோரில் அந்நிலையத்தின் முதல் கார்டு அவரே.

வெற்றியின் விலை

அறிவிப்போடு பகை தீர்ந்துவிடவில்லை. சேவியருக்கு வெறுப்புக் கடிதங்கள் வந்தன. கொலை மிரட்டல்கள் வந்தன. வேலைக்குச் செல்லும்போதும் திரும்பும்போதும் காவல்துறைப் பாதுகாப்பு தேவைப்பட்டது. ஒரு ரயில் கார்டு தம் பணியிடத்துக்குப் போய்வரக் காவலர் துணை வேண்டியிருந்தது என்பதை ஒரு கணம் நினைத்துப் பார்க்கவேண்டும். சேவியர் பேச்சாளர் அல்லர், தலைவர் அல்லர், பெரிய குடும்பத்தைக் காப்பாற்றவேண்டிய தகப்பன். மேரிலபோனிலிருந்து வேறு எங்காவது அமைதியாக மாற்றல் கேட்டுப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. மிரட்டல்கள் வந்த பிறகும் பணியை விடவில்லை. முதலாவதாக உள்ளே நுழைபவர் செலுத்தும் விலையை, இடஒதுக்கீட்டின் வழியாக ஓர் அலுவலகத்துக்கோ கல்லூரிக்கோ முதல் ஆளாகச் சென்றவர்கள் நன்கறிவார்கள். கதவு திறந்த நாளைத்தான் வரலாறு கொண்டாடுகிறது. திறந்த கதவின் வழியே நாள்தோறும் போய்வருவதில்தான் பெரும் துணிவு இருக்கிறது.

சட்டத்தின் ஓட்டை பலருக்கும் புலப்படத் தொடங்கியது. 1967இல் வெளியான ஓர் ஆய்வு, வேலையிலும் வீட்டு வசதியிலும் பாகுபாடு எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதைக் கள ஆதாரங்களோடு நிறுவியது. 1968 ஏப்ரலில் ஈனக் பவல் குடியேறிகளுக்கு எதிராக நஞ்சு கக்கியபோது, லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் அவருக்கு ஆதரவாக நாடாளுமன்றம் நோக்கி ஊர்வலம் சென்றார்கள். அதே ஆண்டின் அக்டோபரில் இரண்டாவது இன உறவுகள் சட்டம் நிறைவேறியது. வேலைவாய்ப்பும் வீட்டு வசதியும் சட்டத்துக்குள் வந்தன. தொழிற்சங்கங்களும் பாகுபாடு காட்டக்கூடாது என்று அச்சட்டம் தனியே சொன்னது. யூஸ்டனின் நிழல் அந்தப் பிரிவின்மீது படிந்திருப்பதாகவே நான் வாசிக்கிறேன்.

அந்தச் சட்டமும் முழுமையானதல்ல. பாதிக்கப்பட்டவர் நேரடியாக வழக்குத் தொடுக்க முடியாது. இன உறவுகள் வாரியம்தான் நீதிமன்றம் செல்லமுடியும். பணியிடத்தில் இனச் சமநிலையைப் பேணுவதாகச் சொல்லிப் பாகுபாட்டைத் தொடர நிறுவனங்களுக்கு ஒரு விலக்கும் தரப்பட்டிருந்தது. தனிநபர் தீர்ப்பாயம் செல்லும் உரிமையும், மறைமுகப் பாகுபாடு என்ற கோட்பாடும் 1976 சட்டத்தில்தான் வந்தன. அந்த மரபில் வந்த 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் சாதியையும் சேர்க்கவேண்டும் என்று பிரிட்டன் வாழ் தலித் அமைப்புகள் போராடின. 2013இல் நாடாளுமன்றம் அதை அரசின் கடமையாக்கியது. 2018இல் அரசு, ஏற்கெனவே உள்ள தீர்ப்புகளே போதும் என்று கூறிப் பின்வாங்கியது. சட்டத்தில் விடப்படும் இடைவெளி எதேச்சையாக அமைவதில்லை. எவருடைய வசதிக்காகவோ அது விடப்படுகிறது.

மன்மாடில் கேட்ட கேள்வி

யூஸ்டனுக்கு 28 ஆண்டுகளுக்கு முன்பே இன்னொரு ரயில்வேயில் இதே கேள்வி எழுப்பப்பட்டது. 1938 பிப்ரவரியில், நாசிக் மாவட்டத்தின் மன்மாடில், ஜிஐபி ரயில்வேயின் தீண்டப்படாத வகுப்புத் தொழிலாளர் மாநாட்டில் அம்பேத்கர் தலைமையுரை ஆற்றினார். தொழிலாளர்களுக்குப் பார்ப்பனியம், முதலாளித்துவம் என்ற இரு பகைவர்கள் இருப்பதாக அவர் அங்கேதான் விளக்கினார். அந்த உரையின் இன்னொரு பகுதி குறைவாகவே பேசப்படுகிறது. ரயில்வேயில் தீண்டப்படாதோர் பெரும்பாலும் பாதை பராமரிக்கும் கேங்மேன்களாகவே வாழ்நாளைக் கழிப்பதை அவர் சுட்டிக்காட்டினார். நிலைய அதிகாரி போர்ட்டரைத் தம் வீட்டு வேலைக்கும் பயன்படுத்துவதால், தீட்டு கருதிப் போர்ட்டர் வேலைகூடத் தீண்டப்படாதோருக்குத் தரப்படுவதில்லை என்றார். எழுத்தர் பணியும் பட்டறைகளில் மேல்நிலைப் பணிகளும் எட்டாக்கனியாக இருப்பதையும், தொழிற்சங்கங்கள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை என்பதையும் அவர் அடுக்கிச் சொன்னார். பம்பாய்ப் பஞ்சாலைகளின் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோர் நுழைய முடியாதிருந்ததும் அதே கதைதான்.

மன்மாடிலும் யூஸ்டனிலும் கீழ்ப்படி திறந்திருந்தது, மேற்படி மூடியிருந்தது. இரண்டிலும் தடைக்கு எழுத்து வடிவம் தேவைப்படவில்லை. வேறுபாடு ஒன்று உண்டு. யூஸ்டனின் அநீதியை அதே சங்கத்தின் இன்னொரு கிளை தன் போராட்டமாக ஏற்றது. நம் தொழிற்சங்க வரலாற்றில் அப்படிப்பட்ட கிளைகளை எண்ணிப் பார்த்தால், விரல்களுக்கு அதிக வேலை இருக்காது.

முடிவும் நினைவும்

சேவியர் 1972இல் கென்ட் மாவட்டத்தின் சாத்தம் நகருக்குக் குடும்பத்தோடு பெயர்ந்தார். 1980 ஜூன் 18 அன்று, 60 வயது நிறைய ஒரு மாதம் இருக்கையில் காலமானார். வாழ்ந்த காலத்தில் பட்டமோ பதவியோ அவரைத் தேடி வரவில்லை. தடை நீங்கிய 50ஆம் ஆண்டான 2016இல் யூஸ்டன் நிலையத்தில் அவருக்கு நினைவுப் பலகை வைக்கப்பட்டது. அவருடைய நூற்றாண்டான 2020இல் சாத்தம் நிலையத்திலும் ஒரு பலகை திறக்கப்பட்டது. அவருடைய பழைய சங்கம் 1990இல் கடல்சார் தொழிலாளர் சங்கத்தோடு இணைந்து ஆர்எம்டி என்ற பெயரில் இயங்குகிறது.

நினைவுப் பலகைகள் நல்லவை. ஆனால், அவை நிறுவனங்களுக்கு ஒரு வசதியையும் தருகின்றன. தடை விதித்தவர்களின் பெயர்கள் பலகையில் இருப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் அதை அறிந்தும் கையொப்பமிட்டு நகர்ந்த மேலாளர்களும், கை உயர்த்திய குழு உறுப்பினர்களும், கொள்கை பேசிக்கொண்டே கண்டும் காணாமல் இருந்த தலைமையும் வரலாற்றிலிருந்து மெல்ல நழுவிவிடுகிறார்கள்.

சேவியரின் வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது வழிபாட்டுக்கு உரிய இன்னொரு படத்தை அல்ல, ஒரு செயல்முறையை. பாகுபாடு வாய்மொழியில் வாழ்கிறது. அதைக் காரணம் கேட்கவேண்டும், ஆவணமாக்கவேண்டும், வெளியே கொண்டுவரவேண்டும். சட்டம் கைவிடும் இடத்தில் அமைப்பைப் பிடிக்கவேண்டும். அமைப்பே தடையாக நின்றால், அதன் உள்ளேயே நியாயத்தின் பக்கம் நிற்கும் கிளையைத் தேடவேண்டும், இல்லையெனில் உருவாக்கவேண்டும். நம் ஊர்களின் ஆலைகளிலும் நகராட்சிகளிலும் பணிமனைகளிலும் எந்தப் பணியில் எந்தச் சாதியினர் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுத்து, அடுத்த சங்கக் கூட்டத்தின் மேசையில் வைப்போம். அதைப் பேச மறுக்கும் சங்கம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது அன்றே தெரிந்துவிடும்.